கீபோர்ட் எந்த இடத்தில் நின்றது?

"அண்ணே, விண்டோஸ் ஏத்திக்கிட்டு இருக்கும்போதே கீபோர்ட் செத்துப்போச்சு" என்று யார் அழைத்தாலும், நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "எந்த இடத்துல நின்னுச்சு?"

மேருவில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கிள்ளான் நகரிலிருந்து வடக்கே போகும் மேரு சாலையின் இருபக்கமும் ஒரு காலத்தில் தோட்டங்கள் இருந்தன. இன்று மரச்சாமான் தொழிற்சாலைகள், துறைமுகத்துக்கு ஓடும் லாரி நிறுவனங்கள், கடைவரிசைகள், தாமான்கள். லாரி ஆபீஸ் கணக்கர், தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கிளினிக் தாதி, கோயில் செயலாளர், பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் என்று எல்லாரும் வருவார்கள். வைரஸ் வந்தாலும், மெதுவாக ஓடினாலும், பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும், "ஃபார்மட் போட்டுக் கொடுங்க" என்பதுதான் கோரிக்கை. இப்போது பலர் பென்டிரைவை வைத்து வீட்டிலேயே செய்து பார்க்கிறார்கள். அது எனக்குப் பிடிக்கும். ஆனால் நடுவில் கீபோர்ட் நின்றுபோனால் மட்டும் எல்லாருடைய கையும் காலும் ஓடாமல் போய்விடுகிறது. உடனே கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்குகிறார்கள். அதுவும் ஓடாது. அடுத்து மதர்போர்ட் போய்விட்டது என்று யாரோ சொல்லுவார்கள். 20, 30 வெள்ளியில் தொடங்கியது 300 வெள்ளிக்கு வந்து நிற்கும்.

என் அனுபவத்தில், இன்ஸ்டால் நடக்கும்போது நின்ற கீபோர்ட்டுகளில் உண்மையிலேயே கெட்டுப்போனவை மிகக் குறைவு. எழுத்துகள் கையிலிருந்து கிளம்புகின்றன. கேட்பதற்கு உள்ளே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கணினியின் பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது பயாஸ். இப்போது அதன் வாரிசாக யுஇஎஃப்ஐ இருக்கிறது. மக்கள் இரண்டையும் பயாஸ் என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். கீபோர்ட் அப்போது அதன் கையில் இருக்கும். பிறகு பென்டிரைவிலோ டிவிடியிலோ உள்ள துவக்க நிரல் வரும். அதற்கென்று தனி டிரைவர் கிடையாது, பயாஸின் காதை வைத்தே கேட்கும். மூன்றாவதாக இன்ஸ்டால் நிரலின் சொந்த கெர்னல் ஏறும். அது வந்ததும் யூஎஸ்பி கட்டுப்பாட்டைப் பயாஸிடமிருந்து வாங்கித் தன் டிரைவரிடம் ஒப்படைக்கும். தொழிற்சாலையில் ஷிப்ட் மாறும்போது பழைய ஆள் சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டான், புது ஆள் இன்னும் வரவில்லை என்றால் கதவு எப்படி நிற்குமோ, அப்படித்தான் கீபோர்ட் நிற்கிறது. எந்தக் கைமாற்றத்தில் நின்றது என்று தெரிந்துவிட்டால் எதைத் திருத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். நம்லாக் விசையை அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். அந்த விளக்கைக் கீபோர்ட் தானாக ஏற்றுவதில்லை. நீங்கள் அழுத்தியது கணினிக்குப் போய், கணினி "விளக்கை ஏற்று" என்று திருப்பிக் கட்டளை அனுப்பினால்தான் எரியும். ஆகவே விளக்கு மாறினால் உள்ளே யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்; கோளாறு வேறிடத்தில். பயாஸ் திரையில் மாறிய விளக்கு, இன்ஸ்டால் திரை வந்ததும் மாறாமல் உறைந்துவிட்டால், கீபோர்ட் நல்லது, டிரைவர் இல்லை. தொடக்கத்திலிருந்தே விளக்கு எரியவில்லை என்றால் அப்போதுதான் கம்பி, துளை, கீபோர்ட் மூன்றையும் சந்தேகப்பட வேண்டும். என்னிடம் வேலை கற்க வரும் பையன்களுக்கு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுப்பதற்கு முன்பே இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

நான் தொழில் கற்றது கோலாலம்பூரில், இம்பி பிளாசாவும் அதன் அருகே புதிதாக வந்த லோ யாட் பிளாசாவும் கணினிக்காரர்களால் நிரம்பி வழிந்த காலத்தில். விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வந்தது. அதன் சிடியைப் போட்டதும் கறுப்புத் திரையில், சிடியிலிருந்து துவங்க ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லி ஒரு வரி வரும். சில விநாடிதான். அதற்குள் அழுத்தாவிட்டால் பழைய விண்டோஸுக்கே போய்விடும். "சிடி கெட்டுப்போச்சு" என்று வாடிக்கையாளர்கள் கொண்டுவருவார்கள். சிடி நன்றாகத்தான் இருக்கும். கீபோர்ட் அப்போதுதான் யூஎஸ்பிக்கு மாறிக்கொண்டிருந்தது. பயாஸில் 'லெகஸி யூஎஸ்பி சப்போர்ட்' என்ற வரி அணைந்து கிடக்கும். அதை இயக்கினால், யூஎஸ்பி கீபோர்ட்டைப் பழைய பிஎஸ்/2 கீபோர்ட் மாதிரி பயாஸ் காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்த வரியை மாற்றப் பயாஸுக்குள் போக வேண்டும், போவதற்குக் கீபோர்ட் வேண்டும்.

அதனால்தான் மேசைக்கடியில் ஒரு பிஎஸ்/2 கீபோர்ட்டை எப்போதும் வைத்திருந்தோம். 1987-இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்த அந்த வட்டச் செருகியை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கீபோர்ட்டுக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை. யூஎஸ்பி டிரைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. அது நேராக மதர்போர்ட்டின் கீபோர்ட் கட்டுப்பாட்டுச் சில்லோடு பேசும். அந்தச் சில்லோடு பேச விண்டோஸுக்கும் தெரியும், லினக்ஸுக்கும் தெரியும். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு: கணினி ஓடும்போது அதைச் செருகக் கூடாது, பிடுங்கக் கூடாது. அந்தத் துளை அதற்காக வடிவமைக்கப்படவில்லை. மதர்போர்ட்டில் அதற்கு மின்சாரம் தரும் சிறிய ஃபியூஸ் போய்விடலாம். அணைத்து, செருகி, பிறகு இயக்க வேண்டும்.

என் வேலையில் கீபோர்ட்டுகள் கூட்டமாக நின்றுபோன காலம் ஒன்று உண்டு. அது 2015-க்குப் பிறகு வந்தது.

அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் மலேசியாவில் 6 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது. சிறிய ஆபீஸ்கள்கூட வரியோடு பில் போட வேண்டிய நிலை. கணக்கு மென்பொருளைப் புதுப்பித்தார்கள். பழைய கணினி தாங்காது என்று புதுக் கணினி வாங்கினார்கள். ஆகஸ்ட்டில் இன்டெல் ஆறாம் தலைமுறை ஸ்கைலேக் சில்லுகளை வெளியிட்டது. அடுத்த ஆண்டுக்குள் கடைகளில் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் அவைதான். ஆனால் ஆபீஸ்காரர்கள் விண்டோஸ் 7-ஐ விட மறுத்தார்கள். காரணம் இருந்தது. அவர்களுடைய கணக்கு நிரலும், பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் அதில்தான் ஒழுங்காக ஓடின. புது இயந்திரம், பழைய விண்டோஸ். அங்கே ஆரம்பித்தது சிக்கல்.

மேருவில் ஒரு லாரி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கும் அக்கா அழைத்தார். போய்ப் பார்த்தேன். மேசையில் மூன்று கீபோர்ட் பெட்டிகள் திறந்து கிடந்தன. திரையில் விண்டோஸ் 7, மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. கீபோர்ட்டும் அசையவில்லை, மவுஸ் அம்பும் அசையவில்லை.

"தம்பி, கடைக்காரன் ரெண்டு தடவ மாத்திக் கொடுத்துட்டான். புது கம்ப்யூட்டர், புது கீபோர்ட். எப்படி ஓடாம போகும்?"

"பயாஸ் உள்ள போய்ப் பார்த்தீங்களாக்கா?"

பார்க்கவில்லை. நான் மறுபடி இயக்கி டெலிட் விசையைத் தட்டினேன். பயாஸ் திறந்தது. அம்பு விசைகளை அழுத்தினேன். வரி வரியாக இறங்கியது.

"இதோ ஓடுதே!"

"இங்க ஓடும்க்கா. விண்டோஸ் உள்ள போனதும் நிக்கும்."

காரணம் இதுதான். அதுவரை இன்டெல் மதர்போர்ட்டுகளில் இரண்டு வகை யூஎஸ்பி கட்டுப்பாட்டுச் சில்லுகள் இருந்தன. யூஎஸ்பி 2.0-க்கு இஹெச்சிஐ, யூஎஸ்பி 3.0-க்கு எக்ஸ்ஹெச்சிஐ. விண்டோஸ் 7 வந்தது 2009 அக்டோபரில். யூஎஸ்பி 3.0-இன் வரையறை 2008 இறுதியிலேயே வந்திருந்தாலும் விண்டோஸ் 7-க்குள் அதற்கான டிரைவர் கிடையாது. அப்போது எங்களுக்கெல்லாம் தெரிந்த வைத்தியம், நீலத் துளையில் செருகாதே, கறுப்புத் துளையில் செருகு என்பது. கறுப்புத் துளை இஹெச்சிஐயில் ஓடும், விண்டோஸ் 7-க்கு அது தெரியும். ஸ்கைலேக்கோடு வந்த 100 தொடர் சிப்செட்டில் இன்டெல் இஹெச்சிஐயை எடுத்துவிட்டது. கறுப்புத் துளை, நீலத் துளை எல்லாம் எக்ஸ்ஹெச்சிஐயின் கீழ் போய்விட்டன. பயாஸுக்கு அந்த மொழி தெரியும். விண்டோஸ் 7-க்குத் தெரியாது. கைமாறிய கணத்திலேயே கீபோர்ட்டும் மவுஸும் சேர்ந்து ஊமையாகிவிடும்.

டிவிடி இல்லாமல் பென்டிரைவில் போட்டவர்களுக்கு இதே கோளாறு வேறு வேடத்தில் வந்தது. ஏதோ சிடி, டிவிடி டிரைவர் காணவில்லை என்று ஒரு செய்தி வரும். மக்கள் டிவிடி டிரைவரைத் தேடி அலைவார்கள். உண்மையில் விண்டோஸின் கண்ணுக்குத் தெரியாமல் போனது, அது கிளம்பிவந்த பென்டிரைவேதான். அதுவும் யூஎஸ்பியில்தானே இருக்கிறது.

அந்த லாரி ஆபீஸ் மதர்போர்ட்டின் பின்புறத்தில் பாதி ஊதா, பாதி பச்சையாக ஒரு பிஎஸ்/2 துளை இருந்தது. என் பழைய கீபோர்ட்டைச் செருகி அரை மணி நேரத்தில் இன்ஸ்டாலை முடித்தேன். மவுஸ் இல்லாமல் டேப் விசையாலும் அம்பு விசையாலும் நகர்ந்து, டிரைவர் சிடியிலிருந்து யூஎஸ்பி 3.0 டிரைவரை ஏற்றியதும் அக்காவின் மூன்று கீபோர்ட்டுகளும் உயிர்பெற்றன. "கடைக்காரன் நல்லவன்தான் தம்பி, நான்தான் அவன்கிட்ட கோபமா பேசிட்டேன்" என்றார். இரண்டைத் திருப்பிக் கொடுக்க அன்றைக்கே ஆள் அனுப்பினார்.

பிஎஸ்/2 துளையே இல்லாத மதர்போர்ட்டுகளோடுதான் பெரும்பாடு. சிலவற்றில் யூஎஸ்பி கீபோர்ட்டைப் பிஎஸ்/2-ஆக நடிக்கவைக்கும் ஒரு வரி பயாஸில் இருந்தது. அதை இயக்கினால் போதும். அதுவும் இல்லையென்றால் விண்டோஸ் கோப்புகளுக்குள்ளேயே டிரைவரைப் புகுத்த வேண்டும். இன்டெல்லே அதற்கு ஒரு சிறு கருவியை வெளியிட்டது. மதர்போர்ட் நிறுவனங்களும் தந்தன. நான் பெரும்பாலும் விண்டோஸின் டிசம் கட்டளையைக் கொண்டு கையாலேயே செய்தேன். விண்டோஸ் டிவிடிக்குள் இரண்டு பெரிய கோப்புகள் உண்டு. ஒன்று பூட்.விம், அது இன்ஸ்டால் திரையை ஓட்டுவது. மற்றது இன்ஸ்டால்.விம், அது டிஸ்கில் போய் உட்காரப்போகும் விண்டோஸ். பலர் முதலாவதில் மட்டும் டிரைவரைச் சேர்ப்பார்கள். கீபோர்ட் ஓடும், பார்ட்டிஷன் பிரிப்பார்கள், கோப்புகள் ஏறும், கணினி மறுபடி துவங்கும். பயனர் பெயரைக் கேட்கும் திரை வரும்போது கீபோர்ட் மீண்டும் செத்திருக்கும். இப்போது ஓடுவது இரண்டாவது கோப்பிலிருந்து வந்த விண்டோஸ். அதற்கு யாரும் டிரைவர் தரவில்லை. அதிலும் ஹோம், புரொஃபெஷனல், அல்டிமேட் என்று ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். பூட்.விம்முக்குள்ளும் இரண்டு படிமங்கள் உண்டு. இன்ஸ்டாலை ஓட்டுவது இரண்டாவது.

பிறகு 2016 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட், இனி வரும் சில்லுகளுக்கு அந்தந்தக் காலத்தின் புதிய விண்டோஸ்தான் என்று அறிவித்தது. 2020 ஜனவரி 14-ஆம் நாள் விண்டோஸ் 7-க்கான ஆதரவும் முடிந்தது. எனக்கு அந்த முடிவில் குறை இல்லை. ஆனால் பத்து ஆண்டுகளாக ஒழுங்காக ஓடிய கணக்கு நிரலை விட மறுத்த சிறு வியாபாரியைப் பிடிவாதக்காரர் என்று சொல்லவும் எனக்கு மனம் வராது. அவர் தன் தொழிலைக் காத்துக்கொண்டார். நடுவில் இருந்து வழிகண்டு தருவதுதான் எங்கள் வேலை.

2020 மார்ச் 18-ஆம் நாள் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிகள் மூடின. அலமாரியிலும் கட்டிலுக்கடியிலும் கிடந்த லேப்டாப்புகள் பிள்ளைகளின் வகுப்புக்காக வெளியே வந்தன. ஒரு வீட்டில் நான்கு பிள்ளைகள், ஒரே கைப்பேசி என்ற நிலையை மேருவில் நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆகவே ஒவ்வொரு பழைய லேப்டாப்பும் எனக்கு முக்கியமாக இருந்தது. அந்தக் காலத்தில் வந்த கீபோர்ட் கோளாறுகள் வேறு வகை.

முதலாவது, பயாஸுக்குள்ளேயே போக முடியாமை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து 'ஃபாஸ்ட் பூட்' வந்துவிட்டது. சீக்கிரம் துவங்க வேண்டும் என்பதற்காக யூஎஸ்பி கருவிகளைத் தேடுவதையே பயாஸ் தவிர்த்துவிடும். எஃப்2-ஐயோ டெலிட்டையோ எத்தனை முறை தட்டினாலும் கேட்காது. பழைய விண்டோஸ் இன்னும் திறக்கிறதென்றால், ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட்டைச் சொடுக்கி, வரும் நீலத் திரையிலிருந்து பயாஸுக்குப் போகலாம். அது நேர்வழி. விண்டோஸே திறக்காத மேசைக் கணினி என்றால், மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு மதர்போர்ட்டில் உள்ள சிஆர்2032 பொத்தான் பேட்டரியைச் சற்று நேரம் எடுத்து வைத்தால், பெரும்பாலானவற்றில் பயாஸ் தன் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் பிட்லாக்கர் பூட்டு உள்ள கணினியில் இதை யோசிக்காமல் செய்யாதீர்கள். பயாஸ் அமைப்பு மாறியது தெரிந்தால் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அந்த எண்ணை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் கல்யாணப் படங்களும் கணக்குகளும் போனதுதான்.

இரண்டாவது, லேப்டாப்பில் கொட்டிய தேநீர். இங்கேதான் கீபோர்ட் உண்மையிலேயே குற்றவாளி. கெட்டியான பால் ஊற்றிய தேத்தாரே உலர்ந்ததும் விசைக்கடியில் பசையாகிவிடும். ஒரு விசை அழுந்தியபடியே இருக்கும். துவங்கும்போது பீப் பீப் என்று அடிக்கும். இன்ஸ்டால் திரையில் தேர்வுப் பட்டை தானாகவே கீழே ஓடும், அல்லது வேறெந்த விசையும் கேட்காது. வெளியிலிருந்து ஒரு யூஎஸ்பி கீபோர்ட்டைச் செருகிப் பார்த்தால் அதுவும் குழம்பும், ஏனென்றால் உள்ளே அழுந்திய விசை விடாமல் கத்திக்கொண்டிருக்கிறது. லேப்டாப்பைத் திறந்து, கீபோர்ட்டின் ரிப்பன் கம்பியை மதர்போர்ட்டிலிருந்து கழற்றிய பிறகுதான் வெளிக் கீபோர்ட்டை நம்ப வேண்டும். அப்படிக் கழற்றியே பல லேப்டாப்புகளைப் பிள்ளைகளுக்கு ஓட்டிக் கொடுத்தேன். உள்கீபோர்ட் இல்லை, வெளியே ஒன்று, வகுப்பு நடந்தது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடாவிலிருந்து வந்த இயந்திரங்கள் இதைவிட மோசம். சேறு புகுந்த கீபோர்ட்டைக் காப்பாற்ற முயல்வதில் பயனில்லை. டிஸ்கைக் காப்பாற்றுங்கள் என்பதுதான் அன்று நான் சொன்னது. ஈரத்தோடு இயக்கிப் பார்த்தவர்கள் பலர் அதையும் இழந்தார்கள்.

கம்பியில்லாக் கீபோர்ட்டுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிறிய ரிசீவர் செருகும் வகை பெரும்பாலும் பயாஸிலேயே ஓடும். கணினிக்கு அது சாதாரண யூஎஸ்பி கீபோர்ட்தான். புளூடூத் வகை அப்படியில்லை. விண்டோஸ் ஏறி, இணைப்பு ஏற்படும் வரை பெரும்பாலானவை பேசா. ரிசீவரை நீல யூஎஸ்பி 3.0 துளைக்கு அருகில் செருகினால் எழுத்து விட்டுவிட்டு விழுவதும் உண்டு. யூஎஸ்பி 3.0-இன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும் என்று இன்டெல் 2012-இலேயே ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. கேம் விளையாடும் பிள்ளைகளின் விலையுயர்ந்த கீபோர்ட்டுகளிலும் சிக்கல் வரும். பயாஸ் புரிந்துகொள்வது மிக எளிய ஒரு கீபோர்ட் நெறிமுறையை மட்டும்தான். சிலவற்றில் அதற்கென்றே பயாஸ் நிலைக்கு மாற்றும் பொத்தான் இருக்கும், கையேட்டில் பார்க்கலாம். இன்ஸ்டால் செய்கிற அன்று இவை எதுவும் வேண்டாம். கம்பி உள்ள சாதாரணக் கீபோர்ட், ஹப் எதுவும் நடுவில் இல்லாமல், பின்பக்கத் துளையில்.

லினக்ஸிலும் இந்தக் கோளாறு வந்தது. 2022-இல் வெளிவந்த ரைசன் 6000 வரிசை லேப்டாப்போடு ஒரு பல்கலைக்கழக மாணவர் வந்தார். உபுண்டு போட வேண்டும். முதல் பட்டியல் திரையில் அம்பு விசை ஓடுகிறது. லினக்ஸ் ஏறியதும் உள்கீபோர்ட் ஊமை. ஷிப்ட் மாறும் இடம் அதேதான், காரணம்தான் வேறு. உள்கீபோர்ட் ஒவ்வொரு அழுத்தத்தையும் 1-ஆம் எண் குறுக்கீட்டுக் கம்பி வழியாகத் தெரிவிக்கும். அந்தக் கம்பியின் சமிக்ஞை மேலே எழும்போது கேட்பதா, கீழே இறங்கும்போது கேட்பதா என்று லேப்டாப்பின் உள்அட்டவணையில் எழுதியிருக்கும். கெர்னல் அதை ஏற்காமல் பழைய வழக்கப்படி எதிர்த்திசையில் கேட்டுக்கொண்டிருந்தது. லினக்ஸ் கெர்னலை எழுதுபவர்கள் பிறகு அதைத் திருத்தினார்கள். மாணவருக்கு வெளியே ஒரு யூஎஸ்பி கீபோர்ட்டைச் செருகி இன்ஸ்டாலை முடித்து, புதிய கெர்னலை ஏற்றினேன். உள்கீபோர்ட் வந்துவிட்டது. "சார், வாரண்டிக்கு அனுப்பலாம்னு பெட்டில போட்டு வச்சிருந்தேன்" என்றார்.

எல்லாம் முடிந்து கடைசித் திரையிலும் கீபோர்ட் ஓடவில்லை என்று நினைக்கவைக்கும் ஒன்றிரண்டு உண்டு. கடவுச்சொல்லை ஏற்கவில்லை என்பார்கள். சிறிய லேப்டாப்பில் நம்லாக் எரிந்துகொண்டிருக்கும். ஜே, கே, எல் அடித்தால் 1, 2, 3 விழும். அல்லது இன்ஸ்டாலின் முதல் திரையில் நேர வடிவத்துக்கு இங்கிலாந்தைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். கீபோர்ட்டும் இங்கிலாந்து அமைப்புக்கு மாறி, அட் குறியும் மேற்கோள் குறியும் இடம் மாறியிருக்கும். நம் ஊரில் விற்பவை அமெரிக்க அமைப்பு. தமிழ் ஆசிரியைகளின் கணினியில் இன்னொன்று. எக்ஸ்பி காலத்தில் தமிழ் தெரிவதற்கே மொழி அமைப்பில் ஒரு கட்டத்தில் குறியிட்டு, மறுபடி சிடியைப் போட வேண்டும். அதன் மேல் நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் தமிழ் மென்பொருளை ஏற்றுவேன். 2019-இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்போடு தமிழ்99 கீபோர்ட் அமைப்பு உள்ளேயே வந்துவிட்டது, பெரிய வசதி. ஆனால் அதை முதல் கீபோர்ட்டாக வைத்துவிட்டால் நுழைவுத் திரையில் ஆங்கிலக் கடவுச்சொல் விழாது. திரையின் கீழ்மூலையில் உள்ள மொழிக்குறியைச் சொடுக்கி ஆங்கிலத்துக்கு மாற்றினால் போதும். ஒரு டீச்சர் இதற்காகவே பள்ளி விடுமுறையில் பேருந்து ஏறிக் கடைக்கு வந்தார். அவரிடம் காசு வாங்க மனம் வரவில்லை.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 இல்லாத நல்ல இயந்திரங்கள் கிள்ளான் வட்டாரத்தில் ஏராளம். லினக்ஸ் போடக் கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். நீங்களும் வீட்டில் போடத் துணிந்தால் எனக்கு மகிழ்ச்சி. முதலில் படங்களையும் கோப்புகளையும் வேறு டிஸ்கில் எடுத்து வையுங்கள். கம்பி உள்ள ஒரு கீபோர்ட்டை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்; வீட்டில் பழைய ஊதாச் செருகி கீபோர்ட் இருந்தால் குப்பையில் போடாதீர்கள், தேவையில்லையென்றால் எந்தப் பழுதுபார்க்கும் கடைக்கும் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள். மொழி கேட்கும் திரையில் கீபோர்ட் நின்றால் பயப்படாமல் பவரை அணைக்கலாம். அதுவரை உங்கள் டிஸ்கில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கோப்புகள் ஏறிக்கொண்டிருக்கும்போது நின்றால் அணைக்காதீர்கள், அது முடியட்டும், அந்தக் கட்டத்தில் அதற்குக் கீபோர்ட் தேவையே இல்லை. புதுக் கீபோர்ட் வாங்கக் கிளம்புவதற்கு முன், நின்ற திரையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள், நம்லாக் விளக்கு பயாஸில் மாறுகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டையும் சொன்னால், பழுதுபார்ப்பவர் பெரும்பாலும் தொலைபேசியிலேயே வழி சொல்லிவிடுவார்.